குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா?

எனக்கு ஐம்பத்து மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது எங்கள் குடும்ப டொக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பேராதனை வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய டிஸ்பென்சரி இருந்தது. என் மகனுக்கு முதல் காய்ச்சல் வந்த நாளிலிருந்து நாங்கள் அவரிடம்தான் போகிறோம். அன்றைக்கு நான் போனது பிரஷர் குளிசைக்கு. ஆனால் மனதில் வேறு ஒரு பயம் இருந்தது. என்னோடு ஒரே அறையில் வேலை செய்த ஒருவர் புரொஸ்டேட் புற்றுநோயில் மூன்றே மாதத்தில் போய்விட்டார். அவருடைய மேசை இன்னும் காலியாகத்தான் கிடந்தது.

"டொக்டர், அந்த பி.எஸ்.ஏ. இரத்த டெஸ்ட் ஒண்ணு இருக்காமே. நானும் செஞ்சு பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார்.

"செய்யலாம். ஆனா அது சீனி டெஸ்ட் மாதிரி நேர்ப் பதில் தர்ற டெஸ்ட் இல்ல. நோய் இல்லாதவருக்கும் கூடிக் காட்டும். இருக்கிறவருக்குச் சிலநேரம் குறைச்சும் காட்டும். கூடிச்சுன்னா ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கணும். சில பேருக்கு அந்த நோய் இருந்தாலும் ஆயுசு முழுக்க ஒண்ணும் செய்யாது. அதுக்குப் போயி வைத்தியம் பண்ணி, மூத்திரத்தை அடக்க முடியாம கஷ்டப்படுறவங்க இருக்காங்க. அதனால ஆளைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கணும். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்க அப்பா, அண்ணன், தம்பி, குடும்பத்துல யாருக்காவது இது இருந்ததா?"

"இல்லவே இல்ல டொக்டர்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "அப்பா இடுப்பு வாதத்துல போனாரு. அண்ணனுக்கு மூத்திரப்பையில கல்லு இருந்துச்சு, போன வருஷம் எடுத்தாச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"அப்படின்னா அவசரம் இல்ல. மூத்திரம் போறதுல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா உடனே வாங்க. இல்லாட்டி ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பப் பேசுவோம்."

என் கார்டில் ஒரு வரி எழுதினார். நான் குளிசையை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். பாரம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு கொரோனா வந்தது, அதன் பின்னால் பெட்ரோல் வரிசை வந்தது, மருந்துத் தட்டுப்பாடு வந்தது. திரும்பப் பேச வேண்டியதை நானும் மறந்தேன், அவரும் மறந்தார்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். தெல்தெனியவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்த எங்கள் அப்பா செத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஒரு கம்பனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். அப்பாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், கூட இருந்ததும், கடைசிக் காரியங்களுக்கு ஓடியதும் அண்ணன்தான். "இடுப்பு வாதம் முத்திப் போச்சு" என்று எனக்குச் சொன்னார். அரசாங்க வேலைக்கு என்னை விண்ணப்பிக்க வைத்தவரும் அவரே. விண்ணப்பத்தை அவர் கையாலேயே நிரப்பினார். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுதுவினைஞனாகக் கண்டிக்கு வந்து சேர்ந்தேன். அண்ணன் ஒன்று சொன்னால் அதை இன்னொருவரிடம் கேட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை.

அவருக்கு அந்தக் கல் ஒப்பரேஷன் நடந்தபோது பதினொரு நாள் லீவு போட்டுக்கொண்டு கூட இருந்தேன். அவருடைய மகன்களில் ஒருவன் கட்டாரில், மற்றவன் பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் சுப்பர்வைசர். லீவு கிடைப்பது கஷ்டம். அதனால் நான்தான். என் மனைவி காலையில் கஞ்சியும் மத்தியானம் சோறும் கட்டித் தருவாள். மூத்திரம் சேரும் பிளாஸ்டிக் பையை ஒரு கையிலும் அண்ணனின் தோளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வார்ட்டின் நடைபாதையில் நடத்திக் கூட்டிப்போவேன்.

இடுப்பில் கட்டிய சாரத்தை மாற்றும்போது மட்டும் என்னைக் கிட்ட விடமாட்டார். "நீ வெளிய நில்லு தம்பி, நர்ஸ் மிஸ் பார்த்துக்குவாங்க" என்பார். வெட்கம் என்று நினைத்தேன். பெரிய டொக்டர் வார்ட்டுக்கு வரும் நேரமாகப் பார்த்து, "கீழ போயி ஒரு பிளேன்டீ வாங்கிட்டு வா" என்பார். பதினொரு நாளும் அந்த நேரத்துக்குத்தான் அவருக்கு பிளேன்டீ வேண்டியிருந்தது. ஒரு நாள் கன்டீனில் கூட்டம் இல்லாததால் சீக்கிரமே மேலே வந்துவிட்டேன். என்னைக் கண்டதும் டொக்டர் பேச்சை நிறுத்தினார். கட்டிலின் தலைமாட்டில் நின்ற அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் போன பிறகு, "கல்லு பெருசா அண்ணி?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி. நெல்லிக்காய் அளவு இருந்துச்சாம்" என்றார்.

அந்த நெல்லிக்காயை நான் ஒபீஸில் எல்லாருக்கும் சொன்னேன். விரலால் வட்டம் போட்டுக் காட்டியும் சொன்னேன்.

ஐம்பத்தேழாவது வயதில் என் மூத்திரத்தில் இரத்தம் கண்டது. டிஸ்பென்சரியில் டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு விரலால் பரிசோதித்தார். அந்தக் கூச்சத்தை எண்ணித்தான் எத்தனையோ ஆம்பிளைகள் போகாமல் இருக்கிறார்கள். அரை நிமிஷ வேலை. ஆனால் கையுறையைக் கழற்றும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இரத்த டெஸ்ட், பிறகு சதை எடுத்து டெஸ்ட், பிறகு எலும்பு ஸ்கேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. புரொஸ்டேட் சுரப்பியைத் தாண்டி இடுப்பெலும்பில் ஓர் இடத்தில் புற்றுநோய் வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் விசேட வைத்தியர் பைலைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது? நான் மறுபடியும் இல்லை என்றேன். அவரும் இல்லை என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து முதலில் அண்ணனுக்குத்தான் போன் எடுத்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

"தைரியமா இரு தம்பி. இப்பல்லாம் நல்ல மருந்து இருக்கு" என்றார். உடனே போனை வைத்துவிட்டார். என் மேலுள்ள பாசத்தில் அழுகை வந்துதான் வைத்தார் என்று நம்பினேன். அப்போதாவது அவர் சொல்லியிருக்கலாம்.

எனக்கு ஊசி தொடங்கியது. ஆண் ஹோர்மோனை நிறுத்துகிற ஊசி. கிளினிக் புதன்கிழமைகளில். காலை ஆறரைக்கே போய் நம்பர் எடுத்துக்கொண்டு நீட்டு மர வாங்கில் உட்கார வேண்டும். எல்லாரும் ஆம்பிளைகள், பெரும்பாலும் வயதானவர்கள். யாரும் யாரிடமும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் இதே கிளினிக் வேறு ஆட்களுக்கு நடக்கும். ஒரு தடவை செவ்வாய் பௌர்ணமிப் போயா விடுமுறையாக விழுந்ததால் அவர்களையும் புதன்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். இருக்க இடமில்லை. நின்றுகொண்டு வரிசையைப் பார்த்தேன். இரண்டாவது வாங்கின் ஓரத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

எனக்குத் துணையாக வந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டப் போய், "அண்ணே, எதுக்கு இவ்வளவு தூரம்? போன் எடுத்திருக்கலாமே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்து எழும்பவுமில்லை, சிரிக்கவுமில்லை. மடியில் இருந்த கிளினிக் புத்தகத்தை மெதுவாகத் தொடைக்குக் கீழே தள்ளினார். மூலைகள் மடங்கி, அட்டை பிய்ந்து, டேப் ஒட்டிய புத்தகம். என்னுடையது புதுசு. அவருடையது பல வருஷம் கைபட்டது.

"கல்லு திரும்ப வந்துருச்சோன்னு பார்க்க வந்தேன்" என்றார்.

கல்லுக்கு அங்கே யாரும் வருவதில்லை. புற்றுநோய் கிளினிக் என்று கதவின் மேல் மூன்று பாஷையிலும் எழுதியிருந்தது.

அதற்குள் மிஸ் நம்பர் கூப்பிட்டாள். அண்ணனின் நம்பர். அவர் எழும்பிப் போய்ப் புத்தகத்தைக் கொடுத்தார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். மிஸ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டாள்: "இவர் உங்க தம்பியா? அச்சில வார்த்த மாதிரி இருக்கீங்களே."

நான் "ஆமா" என்றேன்.

"நீங்க புதன்கிழமைக்காரர்தானே? உங்களுக்கும் புரொஸ்டேட்தானே?" அவள் என் பைலைத் தேடி எடுத்துத் திறந்தாள். முகம் சுருங்கியது. "குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு எழுதியிருக்கே? உங்க அண்ணன் அஞ்சு வருஷமா ஒரு தடவைகூடத் தவறாம வர்றாரே. இதெல்லாம் சரியாச் சொல்லணும் மாத்தயா, டொக்டருக்கு இது முக்கியம்."

என்னைத்தான் கண்டித்தாள். நான் பொய் சொன்னேன் என்று நினைத்துவிட்டாள். பைலில் 'இல்லை' என்று இருந்ததை வெட்டிவிட்டு, பக்கத்தில் 'அண்ணன்' என்று எழுதினாள்.

அண்ணன் அன்றைக்கு டொக்டரைப் பார்க்காமலே போய்விட்டார். நான் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து பார்த்தபோது அவர் இருந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தெல்தெனியவுக்குப் போனேன். மனைவியும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அண்ணன் முன்கூடத்தில் கதிரையில் இருந்தார். அண்ணி என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். வழக்கமாக என்னைக் கண்டால், "சாப்பிட்டீங்களா தம்பி?" என்ற பிறகுதான் மற்றப் பேச்சு.

"எதுக்கு மறைச்சீங்க?" என்று கேட்டேன்.

அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்குச் செஞ்சது கல்லு ஒப்பரேஷன் இல்ல. விதை ரெண்டையும் எடுத்துட்டாங்க. ஊசியைவிட அதுதான் நல்லதுன்னு டொக்டர் சொன்னாரு. நானும் சரின்னு கையெழுத்துப் போட்டேன். அதைப் போயி தம்பிகிட்ட எப்படிடா சொல்றது? ஆம்பிளன்னு ஒண்ணு இருக்குல்ல."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்த ஊசி எனக்கும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்தது, மார்பு வலித்தது. மனைவி பக்கத்தில் படுத்திருந்தாலும் மரக்கட்டை மாதிரிக் கிடந்தேன். அவருடைய வெட்கம் என்ன என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"என்ன எடுத்தாங்கன்னு சொல்ல வேணாம் அண்ணே. என்ன நோய்னு சொல்லியிருக்கலாமே. டொக்டர் கேட்டாரு. அண்ணனுக்கு இருக்கான்னு வாயால கேட்டாரு. நான் கல்லுன்னு சொன்னேன்."

"உனக்கு வரும்னு நான் கண்டேனா?"

அப்போது அண்ணி அறைவாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "எத்தனை தடவை சொன்னேன், தம்பிகிட்டயாவது சொல்லுங்கன்னு. மாமாவுக்கும் அதுதானே இருந்துச்சு. அடுத்து உங்களுக்கு வந்துச்சு. அப்புறம் அவருக்கு வராதா?"

"வாயை மூடு!" என்று அண்ணன் கத்தினார். அவர் அண்ணியைப் பார்த்து அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

மாமா என்று அண்ணி சொன்னது எங்கள் அப்பாவை. எனக்கு அது தலைக்குள் ஏறக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஏறியதும் எழும்பி வெளியே வந்துவிட்டேன். அண்ணன் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை ஒபீஸுக்குப் போனதும் பதிவேட்டு அறையைத் திறந்து அப்பா செத்த வருஷத்துப் புத்தகத்தைத் தேடினேன். கஷ்டமே இல்லை. நான் உட்காரும் இடத்துக்கு மூன்று அலுமாரி தள்ளித்தான் இருந்தது. இறப்புச் சான்றிதழுக்கு வருகிறவர்களுக்கு இந்தப் புத்தகங்களைப் பார்த்துத்தான் முப்பது வருஷமாகப் பிரதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாருடைய அப்பா எதில் செத்தார் என்பதெல்லாம் என் கையால் எழுதியது. என் அப்பாவின் பக்கத்தை மட்டும் ஒருநாளும் திறந்ததில்லை. திறக்க என்ன தேவை? அண்ணன்தான் சொல்லிவிட்டாரே.

இறப்புக்கான காரணம்: புரொஸ்டேட் புற்றுநோய், எலும்புகளுக்குப் பரவியது. அதற்குக் கீழே, தகவல் கொடுத்தவர்: மகன். அதற்கு நேரே அண்ணனின் கையெழுத்து. முப்பத்தொரு வயதுக்காரரின், இன்னும் நடுக்கம் வராத, அழகான கையெழுத்து. என் வேலை விண்ணப்பத்தில் இருந்ததும் அதே எழுத்துத்தான்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தேன். அண்ணன் நோயை மறைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்பாவின் சாவைக்கூட எனக்கு வேறொன்றாகத் தந்திருக்கிறார். நான் இத்தனை வருஷம் அழுததும், திவசம் கொடுத்ததும், வாதத்தில் செத்த ஒருவருக்கு.

அந்த வாரமே குடும்ப டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் பழைய கார்டை எடுத்து அந்த ஒரு வரியைப் பார்த்தார்.

"அப்பவே டெஸ்ட் பண்ணியிருந்தா கட்டாயம் பிடிச்சிருக்கும்னு நான் சொல்லமாட்டேன். அது யாருக்கும் தெரியாது" என்றார். பிறகு கார்டை மேசையில் வைத்தார். "ஆனா நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா, அன்னைக்கே பண்ணியிருப்பேன். வருஷா வருஷம் பண்ணியிருப்பேன்."

அவர் நேர்மையாகச் சொன்னதுதான். அந்த இரண்டாவது வசனத்தோடுதான் நான் இப்போது வாழ்கிறேன்.

போக எழும்பியபோது, "உங்க மகனுக்குச் சொல்லுங்க. அண்ணனோட மகன்மாருக்கும் தெரியணும். அவங்க நாப்பதைத் தாண்டியிருந்தா இப்பவே டொக்டரைப் பார்த்துப் பேசட்டும்" என்றார்.

என் மகனுக்கு அன்றைக்கே சொன்னேன். கொழும்பில் வேலை செய்கிறான். முழுவதையும் கேட்டுவிட்டு, எந்த வயதிலிருந்து டெஸ்ட் செய்ய வேண்டும் என்று கேட்டான். அண்ணனின் மகன்மார் விஷயத்தில் மூன்று நாள் யோசித்தேன். அது அண்ணன் சொல்ல வேண்டியது. அவருக்குப் போன் எடுத்து, "நீங்களே புள்ளைங்ககிட்ட சொல்லிருங்க அண்ணே" என்றேன். "பார்க்கலாம்" என்றார். இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தேன். "அதான் பார்க்கலாம்னேனே" என்று வைத்துவிட்டார். மூன்றாவது தடவை போனையே எடுக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பல்லேகலையில் தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே மூத்தவனை வரச்சொன்னேன். நாற்பத்தொரு வயது. கழுத்தில் அடையாள அட்டையோடு, சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக வந்தான். ரோட்டோர மரத்தடியில் நின்று சொன்னேன். அவனுடைய அப்பாவுக்கு என்ன நோய், தாத்தாவுக்கு என்ன நோய், எனக்கு என்ன நோய் என்பதை மட்டும் சொன்னேன். ஒப்பரேஷனில் எதை எடுத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதை இன்றுவரை அவன் என் வாயால் கேட்டதில்லை.

"நான் அந்த வீட்டுலதானே சித்தப்பா வளர்ந்தேன்? என்கிட்டகூடச் சொல்லலையே?" என்று மட்டும் கேட்டான். அவன் சாப்பிடாமலே வேலைக்குத் திரும்பிப் போனான்.

அன்று சாயந்தரம் அண்ணனின் போன் வந்தது. ஹலோ சொல்லவில்லை.

"நம்பி இருந்தேன்டா. நீ எனக்குத் துரோகம் பண்ணிட்ட."

"நானா அண்ணே?" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

மூத்தவன் டெஸ்ட் செய்தான். நல்லபடியாக இருக்கிறது. ஆனால் குறித்த காலத்துக்கு ஒரு தடவை செய்யவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இளையவனும் கட்டாரில் செய்துவிட்டு ரிப்போர்ட்டை எனக்குப் படம் பிடித்து அனுப்பினான். அவன் அப்பாவுக்கு அனுப்பினானா என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இடுப்பில் இருப்பது இப்போதைக்கு அடங்கியிருக்கிறது. ஒபீஸுக்குப் போய் வருகிறேன். வேலை செய்யும் இடத்தில் எல்லாரிடமும் எனக்கு என்ன நோய் என்று அதன் பெயரைச் சொல்லித்தான் சொல்லியிருக்கிறேன். பிறகு இரண்டு பேர் தனித்தனியாக வந்து, எங்கே டெஸ்ட் செய்யலாம் என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

போன மாதம் மூத்தவனின் பிள்ளைக்குக் காதுகுத்து. அவனே வீட்டுக்கு வந்து கூப்பிட்டான். அண்ணன் கூப்பிடவில்லை. என் மனைவி போனாள். நான் போகவில்லை. சாயந்தரம் அவள் திரும்பி வந்து, சேலையைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க அண்ணன் கேட்டாரு" என்றாள். "'அவன் ஒழுங்காச் சாப்பிடுறானா?'ன்னு கேட்டாரு. உங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன். நான் என்ன சொல்லட்டும்?"

"என்னைத்தானே கேட்கணும். என்கிட்டயே கேட்கச் சொல்லு" என்றேன்.